படத்தில் இல்லாத தாய்

ஒரே படத்தை ஐந்து நாள் ஓட்டிக் காட்டிய என் றீத்தம்மா அக்காவுக்கு,

தாழ்வுபாட்டில் இருந்து உங்கள் திரேசா எழுதுகிறேன். நீங்கள் எங்களை விட்டுப் போய் வருகிற மாதம் ஒரு வருஷம். இராமநாதபுரம் பக்கத்து அகதி முகாமிலேயே உங்களை மண்ணில் வைத்துவிட்டு, உங்கள் மகன் அருள்தாஸ் மட்டும் ஊருக்கு வந்து சேர்ந்தான். போன கிழமை என் வீட்டுக்கு வந்தான்.

"மாமி, அம்மாட ஆண்டுப் பூசைக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறம். முகாமில பக்கத்தில இருந்தனீங்கள். ஒரு பக்கம் எழுதித் தாங்கோ."

"ஒரு பக்கமோ? கொம்மா ஒரு படத்தில எழுத்துப் போடுற இடத்தைச் சொல்லி முடிக்கவே ஒரு பக்கம் காணாதடா."

"சரி மாமி, ரெண்டு பக்கம்."

"நான் எழுதிறதை எழுதிறன். நீ வெட்டுறதெண்டா வெட்டு. ஆனா பகிடியில கை வைக்காத."

மற்றவர்கள் உங்கள் செபத்தைப் பற்றி எழுதுவார்கள். உங்கள் றால் குழம்பைப் பற்றி எழுதுவார்கள். நான் எழுதப் போவது ஒரு பகிடிப் படத்தைப் பற்றி, வயிறு குலுங்கச் சிரிக்கிற படம். ஒரு குடும்பம் வேன் பிடித்து ஊட்டிக்குச் சுற்றுலாப் போகுமே, அந்தப் படம். அக்கா, அதை நான் பார்த்துவிட்டேன்.

அதற்கு முதல் ஊர்ப் புதினம், ஊர்ச் செய்தி. நீங்கள் கேட்டுக் கேட்டு இருந்த ஊர் அல்லவா? தெரு இப்போது வழுவழுவென்று கிடக்கிறது. கருவாடு காயப்போட்ட கரையோடு பெடியங்கள் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள்; மணலைக் கிளப்பாதேங்கோடா என்று கத்துவதே என் வேலை. தலைமன்னாருக்குத் திரும்பவும் ரயில் விடத் தண்டவாளம் போடுகிறார்கள். எனக்கும் இரண்டு அறையில் ஒரு வீடு கட்டித் தந்தார்கள். கதவுக்கு நீல மை அடித்திருக்கிறேன். உங்களுக்குப் பிடித்த நிறம் என்று சொன்னால் பொய். கடையில் அதுதான் இருந்தது.

என் மகள் ஜெசிந்தா முருங்கனில் இருக்கிறாள், மருமகனின் வயல் காணியில். பேத்தி நிலானிக்குப் பதின்மூன்று வயது. ஊருக்கு வந்த மறுவருஷமே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் சித்தியடைந்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நான் நின்ற அதே படியில் என் பேத்தி துள்ளி ஏறினாள். இதை நான் முருங்கன் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். ஆச்சிக்குச் சரியான பெருமை என்கிறார்கள். பெருமைதான், அதற்கென்ன?

அந்தப் பிள்ளை "அம்மம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு என் வீட்டுக்குள் ஓடி வருகிறதே, அது உங்களால். அதை எழுதத்தான் வந்தேன்.

இந்த மலரை வாசிக்கிறவர்களில் பலருக்கு உங்கள் குழாயடித் தியேட்டரைத் தெரியாது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முகாமில் எங்கள் பகுதிக்கு ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். தண்ணீர் எப்போது வரும் என்று அந்தக் குழாய்க்கே தெரியாது. காலையில் குடங்களை வரிசையாய் வைத்துவிட்டு, உடைமர நிழலில் குந்திவிடுவோம். டவுன் தியேட்டரில் வாசல் கதவு திறக்கிறவர் உங்களுக்குத் தூரத்துச் சொந்தம். மத்தியானக் காட்சியில் உங்களைப் பின்சுவரோடு நின்று பார்க்க விடுவார். நீங்கள் பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்வீர்கள்.

சொல்வதா அது? சண்டை வந்தால் வெறுங்குடத்தில் அடிப்பீர்கள். பாட்டு வந்தால் இரண்டு வரி பாடிவிட்டு, "இதுக்குள்ள ரெண்டு பேரும் ஆறு உடுப்பு மாத்திப்போட்டினம்" என்பீர்கள். குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டால் கதை அந்த இடத்தில் நிற்கும். வில்லன் ஓங்கின கத்தியோடு மறுநாள் காலை வரைக்கும் நிற்பான்.

இன்னொன்று. மாலை ஆறு மணிக்கு முகாமில் பெயர் கூப்பிடுவார்கள். அதற்குள் வர வேண்டும் என்றால் நீங்கள் ஐந்து மணிக்கே தியேட்டரை விட்டு வெளிக்கிட வேண்டும். அப்படியென்றால் எந்தப் படத்தின் கடைசி அரை மணித்தியாலத்தையும் நீங்கள் பார்த்திருக்க முடியாது. ஆனால் எல்லாப் படத்துக்கும் முடிவு சொன்னீர்கள். காணாமற் போனவர்கள் வந்து சேர்ந்தார்கள், சாகக் கிடந்தவர்கள் எழும்பினார்கள். எப்படி அக்கா உங்களுக்கு முடிவு தெரியும் என்று எங்களில் ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்க எங்களுக்கு விருப்பம் இருக்கவில்லைப் போல.

ஊட்டிப் படம் வந்த நாள்களில் நான் ஜெசிந்தாவோடு கதைப்பதில்லை. என் புருஷன் கடலோடு போன பிறகு எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். முகாமின் கடைசி வரிசையில் இருந்த யோகனோடு அவள் கலியாணப் பதிவுக் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு என் வாசலில் வந்து நின்றாள். கடல்காரிக்கு வயல்காரன், வேதக்காரிக்குச் சைவக்காரன். அதைக்கூட நான் தாங்கியிருப்பேன். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லையே.

"வந்த வழியால போ. எனக்குப் பிள்ளை இல்லை," என்றேன்.

அவளும் என் மகள்தானே? போய்விட்டாள். எட்டு மாதம். என் வீடு முதல் வரிசை, அவளுடையது கடைசி வரிசை. கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவள் வாசலைத் தாண்டக் கூடாது என்று நான் முள்வேலி ஓரமாய்ச் சுற்றிப்போய் அரிசி வாங்கினேன். அவள் வயிற்றில் பிள்ளை என்று குழாயடியில் எனக்குக் கேட்கும்படி உரத்துக் கதைப்பார்கள். நான் குனிந்து குடத்தைக் கழுவுவேன். அந்த எட்டு மாதத்தில் என் குடம் கண்ட கழுவலை வேறு எந்தக் குடமும் கண்டிருக்காது.

பாதர் புத்தி சொன்னார். சிஸ்டர் புத்தி சொன்னார். நீங்கள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. படம் சொன்னீர்கள்.

முதல் நாள் ஆட்டுக்கல். "தாய்க்காரிக்கு ஹோட்டல் சட்னியில நம்பிக்கை இல்லை. ஆட்டுக்கல்லைத் தூக்கி வேனுக்குப் பின்னால கட்டிப்போட்டாள். மலையில ஏறக்குள்ள கயிறு அறுந்துது. கல்லு உருண்டு கீழ போகும் எண்டு பாத்தா, வேன் வளைவு சுத்தி இறங்கக்குள்ள அது பின்னால கலைச்சுக்கொண்டு வருது! வேன் வளைஞ்சா கல்லும் வளையுது. ஒரு பொலிஸ்காரன் கையை நீட்டி மறிக்கிறான். பின்னால வாற கல்லைக் கண்டான். தானும் பாய்ஞ்சு வேனில ஏறிப்போட்டான்."

இரண்டாம் நாள் ஆள் எண்ணுகிற பகிடி. ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும் தகப்பன் தலை எண்ணுகிறான். ஒரு தலை கூட வருகிறது. யாரோ ஒரு மனிதன் வேனில் ஏறி இருக்கிறான். மனைவியின் ஆள்கள் அவனைக் கணவன் பக்கத்துச் சொந்தம் என்று நினைக்கிறார்கள், கணவனின் ஆள்கள் மனைவி பக்கம் என்று நினைக்கிறார்கள். அவன் இரண்டு நாள் சாப்பிட்டு, பிள்ளைகளுக்குக் குட்டு வைத்து, குடும்பப் படத்தில் நடுவில் நிற்கிறான். நாங்கள் குடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

சிரித்து முடிய நீங்கள் சின்ன விஷயம் போலச் சொன்னீர்கள்: "ஒண்டு சொல்ல மறந்துபோனன். அந்த வேனில யன்னல் கரையில ஒரு இடம் வெறுமையாக் கிடக்குது. தாய் அதில ஒருத்தரையும் இருக்க விடுறாள் இல்லை. தன்ர பையை வச்சுக்கொண்டு வாறாள்."

"ஏனாம்?" என்று வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"அது மூத்த மகள்ட இடம். அவள் சொல்லாமக் கலியாணம் கட்டினவள். வா எண்டு கூப்பிடவும் இல்லை, இடத்தை மற்றவைக்குக் குடுக்கவும் மனமில்லை."

நான் குடத்தைக் கழுவினேன். நீங்கள் என் பக்கம் ஒருக்கால்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் குளிக்கிற பகிடி. லொட்ஜில் தகப்பன் கண்ணில் சவர்க்காரத்தோடு தடவித் தடவிப் போய், பக்கத்து அறைக்காரியைத் தன் மனைவி என்று நினைத்து, "எங்கயடி தண்ணி?" என்று ஏசுகிறான். அவளுக்கும் கண்ணாடி இல்லாமல் கண் தெரியாது. தன் புருஷன் என்று நினைத்துத் திருப்பி ஏசி, ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றி, துவாயும் கொடுத்து அனுப்புகிறாள். அவளுடைய சொந்தப் புருஷன் மூலையில் நின்று, ஏச்சு இன்றைக்கு வேறு ஆளுக்கு என்று சந்தோஷப்படுகிறான்.

நான்காம் நாள் அந்த மகள் வந்தாள். அதே லொட்ஜில் சீலை தோய்க்கிறவளாம், நிறை வயிறாம். தாய் கண்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிக்கிறாள். மகளும் கண்டுவிட்டு அடுத்த தூணுக்குப் பின்னால் ஒளிக்கிறாள். நீங்கள் ஓடி ஓடி இரண்டு பேராகவும் ஒளித்துக் காட்டினீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் தொண்டை நோ என்றீர்கள். அதற்கு மறுநாள் காய்ச்சல் என்றீர்கள். மூன்றாம் நாள் குழாயடிக்கே வரவில்லை. நான் பொறுக்க மாட்டாமல் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் குந்தியிருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"அக்கா, அந்தத் தாய் பிறகு என்ன செய்தவள்?"

"எந்தத் தாய்?"

"தூணுக்குப் பின்னால நிண்டவள்."

"ஓ, அவளோ? அவள் இன்னும் அங்கதான் நிக்கிறாள்."

"பகிடி விடாதேங்கோ. சொல்லுங்கோ."

எனக்கு மட்டும் சொன்னீர்கள். அதுதான் ஐந்தாம் நாள். அந்தத் தாய் ஒரு பேச்சும் பேசவில்லையாம். அழவும் இல்லையாம். சீலை தோய்க்கிற இடத்துக்குப் போய், "பிள்ளை, வேனில ஒரு இடம் கிடக்குது. வாறியோ?" என்று மட்டும் கேட்டாளாம்.

"அவள் வந்தவளோ?"

அரிசியில் இருந்து தலை நிமிர்த்தாமல் சொன்னீர்கள்: "அதுக்குள்ள மணி அஞ்சாப் போச்சு. நான் ஓடி வந்திட்டன். முடிவு பாக்கேல்லை, திரேசா."

எல்லாப் படத்துக்கும் முடிவு சொன்ன நீங்கள் அந்த ஒரு படத்துக்குச் சொல்லவில்லை.

மறுநாள் மீன் சொதி வைத்துச் சட்டியை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்தேன். கூப்பிடு தூரம்தான். இரண்டு தரம் நின்றேன். வாசலில் ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. என்னிடம் வேனும் இல்லை. அதனால் படத்தைச் சொன்னேன்.

"ஜெசிந்தா, ஒரு படமாம்…" என்று தொடங்கினேன். ஆட்டுக்கல்லைச் சொன்னேன், கூட வந்த தலையைச் சொன்னேன். சட்டி கையில் சுட்டது, வைக்கத் தெரியவில்லை. தூண் வந்த இடத்தில் நின்றுபோனேன்.

"பிறகு?" என்றாள்.

"பிறகு தாய் கேக்கிறாள், வேனில ஒரு இடம் கிடக்குது, வாறியோ எண்டு."

"மகள் என்ன சொன்னவள்?"

"தெரியாது. முடிவு எனக்குத் தெரியாது."

"சொதி ஆறப் போகுது. உள்ள வாங்கோ அம்மா," என்றாள்.

அடுத்த மாதம் நிலானி பிறந்தாள்.

இனி இப்போதைய கதை. போன பள்ளிக்கூட விடுமுறைக்கு முருங்கனுக்குப் போயிருந்தேன். மருமகன் அறுவடை முடித்து ரீவி வாங்கியிருந்தார். நிலானி கேட்டாள், "அம்மம்மாக்கு என்ன படம் வேணும்?"

"பேர் தெரியாது பிள்ளை. ஊட்டிக்கு வேனில போவினம், ஆட்டுக்கல் உருளும்."

மன்னார் பசாரில் ஒரு படக் கடை இருக்கிறது. மருமகன் போய்க் கேட்டார். ஆட்டுக்கல் என்று சொன்னவுடனேயே கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டாராம்.

அக்கா, என்ன சிரிப்பு! நிலானி கதிரையில் இருந்து விழுந்தாள். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தேன். பகிடிகளை நீங்கள் சொன்னது சொன்னபடியே இருந்தது. பொலிஸ்காரன் பாய்ந்து வேனில் ஏறுவது மட்டும் இல்லை. அது உங்கள் கைச்சரக்கு. அது இல்லாமல் அந்த இடம் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது.

நான் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தேன். "இப்ப பாருங்கோ, தாய் யன்னல் கரையில பை வைப்பாள்." வைக்கவில்லை. அந்தக் கூட வந்த மனிதன்தான் தொடக்கத்தில் இருந்தே அதில் இருக்கிறான். "இனித்தான் வரும். சீலை தோய்க்கிற இடம் வரட்டும்." வந்தது. ஒருவன் ஈரச் சீலைக்குள் சுற்றுப்பட்டுப் பேய் மாதிரி ஓடினான். மகள் வரவில்லை. ஜெசிந்தா பிளேன்ரீ போடப் போகிறேன் என்று மூன்று தரம் எழும்பிப் போனாள். மருமகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் எல்லோரும் பூந்தோட்டத்தில் ஆடினார்கள், எழுத்து மேலே போனது.

"முடிஞ்சுதோ?" என்றேன்.

"முடிஞ்சுது அம்மம்மா."

பகிடி போகட்டும், அந்தப் படத்தில் கதை எங்கே அக்கா? மாமனுக்குப் பெண் பார்க்கப் போகிறோம் என்று வெளிக்கிடுகிறார்கள், ஊட்டி வந்ததும் பெண்ணையும் மறந்துவிட்டார்கள், மாமனையும் மறந்துவிட்டார்கள். யாரோ ஒரு கள்ளன் வைரப் பையை வேனுக்குள் போடுகிறான், பிறகு பையும் இல்லை கள்ளனும் இல்லை. கூட வந்தவன் யார் என்று கடைசி வரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை. நல்ல மீனாய் நிறைய அகப்பட்டிருக்கிறது. கோர்த்துக்கொண்டு போக ஒரு ஈர்க்கு இல்லை. கை நிறைய அள்ளிக்கொண்டு நடந்தால் வீட்டுக்கு எத்தனை வந்து சேரும்?

"சீடியை வெட்டிப்போட்டான்," என்றேன்.

"ஓம் மாமி, உதுகள் கள்ளக் கொப்பி. வெட்டித்தான் குடுப்பாங்கள்," என்றார் மருமகன், இன்னும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

விடுவேனா? மறுநாள் பஸ் ஏறிக் கடைக்கே போனேன். கடைக்காரர் எருக்கலம்பிட்டி ஆள். புத்தளத்தில் அகதியாய் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்.

"தம்பி, இந்தப் படத்தில தாயை வெட்டிப்போட்டியள்."

"எந்தத் தாய் ஆச்சி? தாய்தான் முழுக்க வாறாவே, ஆட்டுக்கல்லோட."

"மூத்த மகள் ஒருத்தி வருவாள். சீலை தோய்க்கிறவள்."

"ஆச்சி, புத்தளத்தில இருக்கக்குள்ள இந்தப் படத்த எத்தின தரம் பாத்திருப்பன் எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். எங்கட வாப்பா சிரிக்கிறது இந்தப் படத்துக்கு மட்டும்தான். அப்பிடி ஒரு மகள் இல்ல."

"நீ பாத்ததும் வெட்டின படம்."

"அப்ப உலகம் முழுக்க வெட்டின படம்தான் ஓடியிருக்கு ஆச்சி." சிரித்தார். பிறகு, "சரி, அந்த மகளுக்கு என்ன நடந்தது, சொல்லுங்கோவன்," என்றார்.

சொன்னேன். வெறும் இடம், பை, தூண், எல்லாம் சொன்னேன். சாமான் வாங்க வந்த இரண்டு பேரும் நின்று கேட்டார்கள். முடிய அவர் சீடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதயும் சேத்து எடுத்திருந்தா இந்தப் படம் படமாயிருக்கும் ஆச்சி," என்றார்.

திரும்பி வரும்போது பஸ் பெரிய பாலத்தால் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கடல். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மகளை யாரும் வெட்டவில்லை. நீங்கள்தான் சேர்த்திருக்கிறீர்கள். ஊட்டி முழுக்கத் தேடினாலும் அந்தத் தாயைக் காண முடியாது. அவள் குழாயடியில் குடம் கழுவிக்கொண்டிருந்தவள். தொண்டை நோ, காய்ச்சல் எல்லாம் பொய்யா அக்கா? இதை எப்போது யோசித்தீர்கள்? தியேட்டரில் பின்சுவரோடு நிற்கும்போதா, வரும் வழியிலா? எல்லோரும் சிரிக்கிற இடத்தில் ஒரு பையை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே இருந்தீர்களே, அதை எங்கே படித்தீர்கள்?

முருங்கன் வீட்டுக்கு வந்தால் ஜெசிந்தா வாசலில் நிற்கிறாள்.

"கடைக்காரனோட சண்டை பிடிச்சனீங்களோ?"

"சண்டை இல்லை. கேட்டனான்."

"அம்மா, அந்தப் படத்தில அப்பிடி ஒரு தாய் இல்லை. எனக்கு அப்பவே தெரியும். இவர் டவுனில பெயின்ற் வேலைக்குப் போகக்குள்ள என்னையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவர். நீங்க சொதிச் சட்டியோட வந்ததுக்கு ஒரு கிழமைக்கு முதல்."

"பின்னை ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? எட்டு மாசம் எட்டிப் பாக்காத மனிசி வந்து நிண்டு படம் சொல்லுறா. படத்தில இல்லாத ஒரு தாயைச் சொல்லுறா. பகிடியெல்லாம் றீத்தம்மா மாமியிட்டக் கேட்டது, இது மட்டும் எங்கட அம்மா எனக்கெண்டு தானே கட்டிக்கொண்டு வந்தது எண்டு எனக்கு விளங்கிச்சுது. மன்னிப்பெண்டு கேட்டிருந்தாக்கூட அண்டைக்கு நான் கதவைத் திறந்திருக்க மாட்டன், அம்மா."

அக்கா, அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கதை கட்டியவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு கால் கழுவப் போய்விட்டேன். பேத்தியின் சோதனை முடிவைப் பஸ்ஸில் சொல்லித் திரிகிற இந்த வாய், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு அருள்தாஸ் வந்து எழுதித் தரச் சொன்னான். நான் மாட்டிக்கொண்டேன். உண்மையை எழுதினால் மலர் ஜெசிந்தாவின் கைக்கும் போகும். இத்தனை வருஷம் அவள் பத்திரமாய் வைத்திருந்த ஒரு சந்தோஷம், எங்கட அம்மா எனக்காகக் கட்டின கதை என்பது, அது பொய் என்று அச்சில் வரும். திரும்பவும் அவள் வாசலில் நான் வெளியே நிற்க நேருமோ என்று பயந்தேன். எழுதாமல் விட்டால் உங்களுக்கு நான் நன்றி சொல்ல வேறு என்ன இருக்கிறது? றால் குழம்பா?

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டு நாலு நாள் பெட்டிக்குள் பூட்டி வைத்தேன். நேற்று ஜெசிந்தா நெல்லரிசி கொண்டு வந்தாள். மற்றவர்கள் சொல்லித் தெரிவதிலும் நானே கொடுப்பது நல்லது என்று நினைத்து, தாள்களை எடுத்து நீட்டினேன். "றீத்தம்மா மாமிக்கு எழுதினது. வாசி," என்றேன்.

கதிரையில் இருந்து வாசித்தாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சிரித்தாள், குளிக்கிற பகிடியாக இருக்கும். தாள் திருப்பும் சத்தம் கேட்டது. திரும்பவும் சிரித்தாள். நான் கருவாட்டை அடுப்பில் கருக விட்டேன்.

தாள்களோடு வந்து கதவில் சாய்ந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அப்ப அந்த வெறும் இடம் மாமிட?"

"ஓம்."

"பை?"

"அதுவும்."

"தூணுக்குப் பின்னால ஒளிக்கிறது?"

"எல்லாம் அவதான். அவ சொன்னதை நான் சொன்னனான்."

"வாறியோ எண்டு கேட்டது?"

"அதுவும் அவட சொல்லுத்தான், பிள்ளை."

"அப்ப உங்கட எண்டு அதில என்னதான் கிடக்கு?"

யோசித்துப் பார்த்தேன். "கால் நடுங்கினது," என்றேன். "அது மட்டும்தான் என்ர."

தாள்களை மடித்து என் கையில் வைத்தாள். "அது எனக்குக் காணும்," என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்து, "கருவாடு கரியாப் போச்சுது, தள்ளுங்கோ," என்று என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தாள்.

அருள்தாஸ், இதில் ஒரு வரியும் வெட்டாதே.

அக்கா, உங்கள் ஆண்டுப் பூசைக்கு நாங்கள் நாலு பேரும் வருகிறோம். மருமகன் திருக்கேதீஸ்வரத்துச் சிவன் கோயிலுக்குப் போகிற வேட்டியோடு வந்து எங்கள் வேதக் கோயிலில் என் பக்கத்தில் இருப்பார். இடம் கொடுக்க நான் இருக்கிறேன். இனி இந்தப் படத்தை யாருக்குச் சொன்னாலும், எந்த இடம் படக்காரருடையது, எந்த இடம் றீத்தம்மாவுடையது என்று பிரித்துச் சொல்லுவேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. பசார்க் கடைக்காரருக்கு நாளைக்கே போய்ச் சொல்லப் போகிறேன். அவர் வாப்பாவுக்கும் சொல்லட்டும்.

கூடப் பிறக்காவிட்டாலும் உங்கள் தங்கச்சி,
ஜெசிந்தாவின் அம்மா, நிலானியின் அம்மம்மா,
திரேசா.